அம்மா சும்மா தைத்தது

முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, வெளிநாட்டுப் பிள்ளை எப்போது கைபேசியில் முகம் காட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற என் வயதுப் பெண்டுகளே, இது உங்களுக்குத்தான். இளசுகளிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒரு துணிக்கா இவ்வளவு கதை?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள். ஓம், ஒரு துணிக்குத்தான். அதைப் பற்றிச் சரியாகச் சொல்ல இப்போது என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கும் மறதி வரத் தொடங்கிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு முற்றத்தில் போய் நிற்கிறேன். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரை ஆட்கள். வாவி என்பது புத்தகத்தில் எழுதுவது. எங்களுக்கு அது ஆறு. வீட்டுக்குப் பின்னால் தென்னைகள், அதற்கு அப்பால் தண்ணீருக்குள் வேர் இறக்கி நிற்கிற கண்டல் பற்றை, அதற்கு அப்பால் ஆறு. முன் அறையில் யன்னலோரம் அம்மாவின் தையல் மெசின். ஊரில் தைக்கத் தெரிந்தவர்கள் வேறும் இருந்தார்கள், ஆனால் அம்மா தைத்தால் தோளில் சுருக்கம் விழாது. அதனால் சித்திரை வருடப்பிறப்பு கிட்டினால் எங்கள் வீட்டில் சோறு கறி நேரத்துக்கு ஆகாது. பாயிலும் கதிரையிலும் அலுமாரிக்கு மேலும் ஊரார் துணிதான். அம்மாவோடு கதைக்க வேண்டுமென்றால் மெசின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். அவளும் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு "ம்" என்பாள். அந்த நாளில் அவளிடம் நான் கேட்ட பதில் பெரும்பாலும் அந்த "ம்" தான்.

அந்த வருடம் பங்குனி கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் நீர் கோத்த கொப்புளம். டாக்டர்மார் அதைக் கொப்புளிப்பான் என்பார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் வாயில் அடி விழும். "அம்மாள் வந்திருக்கிறா" என்றுதான் சொல்ல வேண்டும். படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. அதைக் கண்டதும் துணி தந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து படலைக்கு வெளியிலேயே நின்றார்கள்.

"வெட்டாத துணி கிடந்தா இஞ்சால எறிஞ்சு விடுகா. இந்த நேரம் உனக்குக் கரைச்சல் தரப்படாது."

கரைச்சல் தரக்கூடாது என்ற கரிசனைதான். அடுத்த தெருவில் இன்னொரு தையல்காரி இருந்தாள், எல்லாத் துணியும் அங்கே போயிற்று. இரண்டே நாளில் எங்கள் முன் அறை கழுவிவிட்டது போலக் கிடந்தது. அம்மாள் இருக்கிற வீட்டுக்குச் சட்டதிட்டம் நிறைய. மீன் கூடாது, தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது. ஊசி தொடவே கூடாது. ஊசி குத்தினால் அம்மாளுக்கு நோகுமாம். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மெசினை மூடி வைத்தாள் அம்மா. அந்தச் சித்திரையில்தான் அவளுடைய கை இரண்டும் வெறுமனே மடியில் கிடந்ததைப் பார்த்தேன். பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

எனக்கு ஊரல் தாங்க முடியவில்லை. வேப்பங்குழையால் தடவி விடுவாள், அது போதாது. சொறிந்தால் தழும்பு விழும் என்று என் கைக்கு வேலை கொடுக்கப் பார்த்தாள். மெசினுக்கு அடியில் ஓர் உரப்பை நிறைய வெட்டுத்துண்டுகள் கிடந்தன. வருடக்கணக்காகச் சேர்ந்தவை. அதைப் பாயில் கொட்டி, "நிறம் நிறமாப் பிரிச்சு வை புள்ள" என்றாள். பழைய துணியின் தூசி வாசம், மெசின் எண்ணெய் வாசம், வேப்பிலைக் கசப்பு, மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறியது. இன்றைக்கும் புதுத் துணிக் கடைக்குள் போனால் எனக்கு உடம்பு லேசாக ஊருகிறது. சிரிக்காதீர்கள், உண்மை.

நான் பிரித்தேன். பள்ளிக்கூட வெள்ளை ஒரு குவியல். நீலம் ஒன்று. குடைத்துணிக் கறுப்பு. பாசி நிறப் பாவாடைத் துண்டுகள். அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நீலத்தை எடுத்துக் கறுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். தலையைச் சரித்துப் பார்த்தாள். நீலத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தை வைத்தாள். குசினியில் கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது, அவள் எழும்பவில்லை.

அடுத்த நாள் தன்னுடைய பழைய சேலை ஒன்றைப் பாதியாக மடித்து நிலத்தில் விரித்து, அதன் மேல் துண்டுகளை வைக்கத் தொடங்கினாள். நான் பாயில் கிடந்தபடி ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னேன். எனக்கு அது நல்ல விளையாட்டு.

"அம்மா, அது டீச்சர்ர சட்டை. அந்தா, அது முன்வீட்டு மாமிர மகள்ர பாவாடை."

"இல்ல மகள். அது டீச்சர்ர சட்டை இல்ல. அது தண்ணி."

"எப்பிடித் தண்ணி?"

"கண்ணச் சுருக்கிப் பாரு."

சுருக்கிப் பார்த்தேன். ஓமே! அது தண்ணீர்தான். நல்ல வெயிலில் மினுங்கும் தண்ணீர் இல்லை, மழைக்கு முன்னால் காற்று நின்றுபோய், ஆறு பாரமாகக் கிடக்குமே, அந்தத் தண்ணீர். கறுப்பும் பாசியும் சேர்ந்து கண்டல் பற்றை. நீளமாகக் கிழித்த வெள்ளைக் கீலங்கள் தூரத்துக்கு ஓடின. படம் போல ஒன்றும் இல்லை. தோணி இல்லை, கொக்கு இல்லை, மரம் என்று காட்ட ஒரு மரம் இல்லை. ஆனாலும் அது எங்கள் வீட்டுப் பின்பக்கம். எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. என் பங்குக்கு ஒரு சிவப்புத் துண்டை எடுத்து நீட்டினேன். எனக்கென்று வருடப்பிறப்புக்குத் தைத்த சட்டையில் மிஞ்சியது.

"சிவப்பு வேணாம் புள்ள. இதுக்குள்ள சிவப்பு வராது."

மேல்காற்று யன்னலால் வந்து துண்டுகளை அள்ளிக்கொண்டு போனது. அம்மா ஓடி ஓடிப் பொறுக்கினாள். இரண்டாம் முறையும் காற்று அள்ளியது. படலைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மெசின் லாச்சியைத் திறந்து ஊசியை எடுத்தாள். துண்டு நகராமல் ஒரு தையல் போட்டாள். பிறகு இன்னொன்று. அவ்வளவுதான், பிறகு கையை நிறுத்த முடியவில்லை.

மாரி வெள்ளாமை வெட்டி முடித்து அப்பா வட்டையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். மாதக்கணக்காகக் காவல் குடிலில் கிடந்த மனிதர், வீட்டில் என்ன நடக்கிறதென்று ஒரு விருந்தாளி போலப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவின் கையில் ஊசியைக் கண்டதும் வாசலைப் பார்த்தார்.

"என்ன இது?"

"பாருங்களன்."

பார்த்தார். "நல்லாத்தான் கிடக்கு. எதுக்கு? விரிப்பா, போர்வையா?"

"ஒண்டுக்குமில்ல. சும்மா."

அப்பா சிரித்தார். "சும்மாவா? சரி, தை" என்று சொல்லிவிட்டு முன் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அந்த மனிதரை நான் மனதுக்குள் திட்டும்போதெல்லாம் இந்தக் கதவைச் சாத்தியதும் ஞாபகம் வரும், திட்டு பாதியில் நின்றுவிடும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நாட்கள் எனக்கு வாய்க்கவில்லை. உடம்பெல்லாம் கொப்புளம், வாய்க்கு உப்பில்லாக் கஞ்சி, ஆனால் அம்மா பக்கத்தில். அவள் வாயில் குண்டூசி இல்லை. கதைத்தாள். தான் சின்னப் பிள்ளையில் ஆற்றங்கரையில் தனியாக இருந்து பார்த்ததையும், அது ஏன் பிடித்தது என்று சொல்லத் தெரியாததையும் கதைத்தாள். மடித்த சேலைக்குள் அப்பா உடுத்திக் கிழிந்த பழைய சாரம் ஒன்றைத் திணித்து, மூன்று அடுக்கையும் சேர்த்து நெளி நெளியாக நூல் ஓட்டினாள். தையல் போன இடமெல்லாம் துணி கொஞ்சம் புடைத்தது. கையால் தடவினால் காற்றடிக்கும் ஆற்றைத் தொட்ட மாதிரி இருக்கும். சிலவேளை காலையில் தைத்ததைப் பின்னேரம் பிரிப்பாள். "சரியில்ல" என்பாள். யார் கேட்டார்கள் சரியா பிழையா என்று? ஊரார் சட்டையில் சுருக்கம் விழுந்தால்கூட அவள் அப்படிக் கவலைப்பட்டு நான் காணவில்லை.

நடுவில் ஓரிடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். என் இரண்டு கையையும் விரித்து வைத்தால் மறையும் அளவு. அங்கே எதையெதையோ வைத்துப் பார்ப்பாள், எடுத்துவிடுவாள்.

"இதில என்ன வரும் அம்மா?"

"தெரியா மகள். வரக்குள்ள தெரியும்."

அவள் அதைச் சொன்னபோது முகம் எப்படி இருந்ததென்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு ஆளை எதிர்பார்த்து இருக்கிற முகம். வருவார் என்பது நிச்சயம், எப்போது என்பதுதான் தெரியாது.

வந்தது முன்வீட்டு மாமி.

சொந்த மாமி இல்லை, எதிர்வீட்டுக்காரி. நல்ல மனுசி, எனக்கென்று இளநீர் வெட்டிக்கொண்டு வந்தவர். முன் கதவு சாத்தியிருந்ததால் பின்பக்கத்தால் வந்துவிட்டார். அம்மா துணியை மடியில் பரப்பி வைத்து, ஊசியை இழுத்துப் பிடித்தபடி இருந்தாள். நான் பாயில். அப்பா வாசல்படியில் கத்திக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். மாமி நின்ற இடத்திலேயே இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ தாயே! என்னகா செய்யிறாய்? வீட்டுக்குள்ள அம்மாள் இருக்கக்குள்ள ஊசி குத்துறியா? புள்ளைர கண்ணில வந்து இறங்கினா என்னகா செய்வாய்?"

அம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்ல இருந்தாள் என்று தெரியாது. அப்பா முந்திக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்க அக்கா. அது சும்மா தையல் இல்ல. அம்மாளுக்கு நேந்தது. புள்ளைக்குச் சுகம் வரட்டும் எண்டு மேல்கட்டி தைக்கிறா."

மேல்கட்டி என்றால் தெரியும்தானே, சாமிக்கு மேலே கூரையில் விரித்துக் கட்டுகிற துணி. மாமியின் முகம் அப்படியே மாறிவிட்டது. கண் கலங்கி, அம்மாவின் கையைப் பிடித்து, "நேத்தியா? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லப்படாதா? நான் ஒரு பாவி" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கத்திப் பிடியைப் பார்த்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எங்கட அப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் பேச்சு விழாமல் காப்பாற்றிவிட்டாரே!

மாமி போனதும் குசினிக்குள் அம்மாவின் குரல் கேட்டது. அவள் அப்பாவோடு சத்தமாகக் கதைக்கிறவள் இல்லை.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"உன்னக் காப்பாத்தத்தான். வேற என்ன சொல்லியிருக்க வேணும் எண்டுறாய்? சும்மா தைக்கிறா எண்டா?"

"ஓம். சும்மா தைக்கிறா எண்டு."

"ஊர் விடுமா உன்ன? கிறுக்குப் புடிச்சிட்டு எண்டு கதைக்கும்."

"கதைக்கட்டும்."

அப்பா வெளியே வந்து கத்தியை எடுத்து, போட்ட பிடியைக் கழற்றி மறுபடியும் போட்டார்.

அடுத்த நாளே பெரியமாமா வந்தார். அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலின் வண்ணக்கர். எங்களுக்கு அம்மாள் என்றால் அந்தக் கண்ணகிதான். கோயில் காரியம் முழுக்க வண்ணக்கர் பொறுப்பு. அந்தக் கோயில் கதவு வருடத்தில் ஒருமுறைதான் திறக்கும், வைகாசியில். சடங்கு நடந்து, அம்மாளைக் குளிர வைக்கிற குளிர்த்தி பாடி முடிந்ததும் சாத்தினால் மறு வைகாசிக்குத்தான். பெரியமாமா குளித்து, திருநீறு பூசி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். அழுதார் பெண்டுகளே! அந்தப் பெரிய மனிதர் சின்னப் பிள்ளை போல அழுதார்.

"நீ கோயிலுக்கு வந்து ஒழுங்காக் கும்பிடுறதில்ல எண்டு எனக்கு மனசில ஒரு குறை கிடந்தது தங்கச்சி. இண்டைக்கு அது போயிற்று. போன வைகாசியில கதவு திறக்கக்குள்ள மேல்கட்டிய எலி கொறிச்சுக் கிடந்தது, என்ன செய்யிற எண்டு யோசிச்சுக்கொண்டு கிடந்தன். அம்மாளே உன்னட்டக் கேட்டு வாங்கியிருக்கிறா."

"அண்ணன், அது இன்னும் முடியல்ல" என்றாள் அம்மா.

"முடியட்டும்கா. வைகாசிக்கு நாள் கிடக்குத்தானே. கோயில் கூட்டத்தில சொல்லிப்போட்டன்."

நேர்த்தி இல்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்? சொல்லிப் பாருங்கள் நீங்கள். பிள்ளை அம்மாள் வருத்தத்தில் கிடக்க, தாய்க்காரி ஊசி எடுத்தாள், பிள்ளைக்காக இல்லை, தனக்குப் பிடித்தது என்று எடுத்தாள் என்றால் அந்த ஊரில் மட்டுமா, எந்த ஊரில் வாய் மூடுவார்கள்? அப்பாவின் ஒரு சொல் அவளைக் காப்பாற்றியது, அதே சொல் அவள் வாயையும் கட்டிப்போட்டது. இதெல்லாம் இப்போது விளங்குகிறது. அன்றைக்கு நான் பெரியமாமா தந்த கற்கண்டைச் சூப்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் தான் செய்தது உறைத்திருக்க வேண்டும். படலை வரைக்கும் பெரியமாமாவின் பின்னால் போனார்.

"மச்சான், கடையில நல்ல பட்டா ஒண்டு வாங்கிக் குடுப்பம். இது வெட்டுத்துண்டுதானே. அம்மாளுக்கு இது மரியாதையில்ல."

"நேந்தது எதுவோ அதத்தான் குடுக்க வேணும். புள்ளைய வச்சுக்கொண்டு அம்மாளோட யாவாரம் பேசப்படாது மச்சான்."

எனக்குக் கொப்புளம் காய்ந்து, மஞ்சள் தண்ணீர் வார்க்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது என் சின்னத் தம்பிக்கும் காய்ச்சல் கண்டது. ஒட்டுகிற வருத்தம், ஒரே பாயில் புரண்ட பிள்ளைகள், வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் முன்வீட்டு மாமி படலையில் நின்று மெதுவாகச் சொன்னார், "குடுக்கிறதுக்கு மனமில்லாம இருக்காதகா. அம்மாள் அறிவா." தம்பிக்கு எனக்கு வந்ததை விடக் கடுமை. வாய்க்குள்ளும் போட்டது. தண்ணீர்கூட விழுங்க மாட்டாமல் முனகினான். அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

பிறகு தம்பியை என் பக்கத்தில் கிடத்திவிட்டு எழும்பினாள். துணியை எடுத்து நாலாக மடித்து அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

"குடுப்பம்" என்றாள், ஒருவரும் கேட்காமலே.

அவளுக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்காதீர்கள். பிள்ளையின் உயிரை வைத்து யார் சோதித்துப் பார்ப்பார்கள்? நீங்கள் பார்ப்பீர்களா? நான் பார்க்க மாட்டேன். தம்பி தேறினான். தேறத்தானே வேண்டும், ஊரில் முக்கால்வாசிப் பிள்ளைகள் தேறியவர்கள்தான். ஆனால் அவன் எழும்பி நடந்த அன்றைக்கு அந்தத் துணி முழுக்க அம்மாளின் துணி ஆகிவிட்டது.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை என்று சொல்வேன். துணியைப் பார்க்க வந்த பெரியமாமா, அதை விரித்துப் பிடித்துத் தலையாட்டினார். பிறகு நடுவில் கை வைத்தார்.

"இது என்ன, வெறுமையாக் கிடக்கு?"

"அது இன்னும் வரல்ல அண்ணன்."

"என்ன வரல்ல?"

அம்மா துணியை வாங்கி மடித்தாள். பெரியமாமா அடுத்த நாள் சிவப்புப் பட்டுத் துண்டு ஒன்றோடு வந்தார். அவருடைய மனைவி, எங்கள் பெரியமாமியின் கலியாணச் சேலையில் வெட்டியதாம். மனமுவந்து வெட்டித் தந்திருந்தார் அந்த மனுசி.

"நடுவில ஒரு செந்தாமரை வைகா. அம்மாள் தாமரையில இருக்கிறவ."

"நீலத்தில வைக்கட்டா அண்ணன்? இந்தத் துணிக்கு நீலம்..."

"அம்மாளுக்குச் சிவப்புத்தான்கா. உனக்குத் தெரியாததா?"

வேறு தையல்காரியிடம் கொடுத்திருக்கலாம். அம்மா கொடுக்கவில்லை. நல்ல மத்தியான வெயில். மெசின் மேலிருந்த வேட்டியை எடுத்தாள். பட்டை இதழ் இதழாக வெட்டினாள். ஓரம் பிரியாமல் மடித்து, ஒவ்வோர் இதழாக வைத்துத் தைத்தாள். நான் எதிரே துணியின் மறு ஓரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தேன். ஒரு தையல் பிசகவில்லை. அரைகுறையாகத் தைக்க அவளுக்குத் தெரியாது. கோணலாகத் தைத்திருக்கலாமே! கையால் பிடித்து ஊசியை முறித்திருக்கலாமே! முடிந்ததும் பல்லால் நூலைக் கடித்தாள். விரித்துப் பார்க்கவில்லை. வழமையாக எது தைத்தாலும் உதறி விரித்து வெளிச்சத்தில் பார்ப்பவள், அப்படியே மடித்துத் தாம்பாளத்தில் வைத்தாள்.

வைகாசியில் கதவு திறந்தது. பறைமேளத்தோடு எங்கள் வீட்டிலிருந்து தாம்பாளத்தை எடுத்துப் போனார்கள். பெண்டுகள் குரவை போட்டார்கள். அம்மாவையும் போடச் சொன்னார்கள், போட்டாள். பூசாரியார் ஏணி வைத்து ஏறி நாலு மூலையும் இழுத்துக் கட்டினார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது செந்தாமரை ஒன்றுதான். தண்ணீரும் கண்டலும் இருட்டுக்குள் போய்விட்டன. சனம் "அம்மாளே" என்று கைகூப்பியது. நான் அண்ணாந்து கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. குளிர்த்தி முடிந்து கதவைச் சாத்தினார்கள். பெரியமாமா பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குத் தையல் குவிந்தது. தலையணை உறைக்குத் தாமரை, மேசை விரிப்புக்குத் தாமரை. "கோயில்ல தைச்ச மாதிரி" என்று கேட்டு வந்தார்கள். அம்மா தைத்துக் கொடுத்தாள். வெட்டுத்துண்டை மட்டும் வீட்டில் சேரவிடவில்லை. அன்றன்றைக்கே தலையணைக்குள் அடைத்துத் தைத்துவிடுவாள். என்னிடம் திரும்பவும் "ம்" தான்.

மறு வைகாசியில் பார்த்தபோது விளக்குப் புகையும் வௌவால் எச்சமும் சேர்ந்து துணி கறுத்திருந்தது. பட்டு மட்டும் கொஞ்சம் மினுங்கியது. அதற்கடுத்த வருடம் நகரத்திலிருந்து யாரோ பளபளவென்று ஒரு நைலோன் மேல்கட்டி வாங்கிக் கொடுத்தார்கள். அப்பா பெரியமாமாவிடம் போய் அந்தப் பழையதைக் கேட்டார். எனக்குத் தெரியும், நானும் கூடப் போயிருந்தேன். "அம்மாள்ர சாமான் வீட்டுக்குப் போகப்படாது மச்சான்" என்று பெரியமாமா அன்பாகத்தான் சொன்னார். ஆற்றில் விட்டார்களா எரித்தார்களா, தெரியாது. திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் அம்மா நின்றாள். அவர் வேலிக்குக் கம்பு வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அப்படியே பின்பக்கம் போய்விட்டார். சாகும்வரை அதைப் பற்றி அவர் ஒரு சொல் கதைத்து நான் கேட்கவில்லை.

கெட்டவர் என்று இதில் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், திட்டித் தீர்த்திருப்பேன்.

அம்மா இப்போது என்னோடுதான். எழுபது கடந்து, எண்பதும் கடந்துவிட்டாள். கண் பார்வை பரவாயில்லை, கை நடுங்குவதில்லை, பழைய கதைதான் அங்குமிங்குமாக வருகிறது. போன வைகாசியில் எனக்கு ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. பக்கத்து வீட்டில் தைக்கிற பெட்டையிடம் ஒரு பை நிறைய வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, அம்மாவின் கட்டிலில் கொட்டினேன். கொட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

அம்மா துண்டுகளைக் கையால் அளைந்தாள். ஒரு சாம்பல் நிறத்தை எடுத்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சையை வைத்தாள். தலையைச் சரித்துப் பார்த்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்மா," என்றேன், "அந்தத் துணியில, நடுவில என்ன வைக்க இருந்தீங்க?"

"எந்தத் துணி?"

"எனக்கு அம்மாள் வந்து கிடக்கக்குள்ள தைச்சீங்களே."

"ஓ, அதுவா. நடுவில தாமரைதானே வச்சன்."

"அதுக்கு முதல் அம்மா. பெரியமாமா பட்டுக் கொண்டு வர முதல். வெறுமையா விட்டிருந்தீங்க. வரக்குள்ள தெரியும் எண்டீங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பது போல, இரக்கமாக.

"வெறுமையா ஏன் விடுறன் புள்ள? நீ வருத்தமாக் கிடந்தாய். தம்பியும் கிடந்தான். நான் அம்மாளுக்கு நேந்தன். தைச்சுக் குடுத்தன். ரெண்டு பேரும் பொழைச்சீங்க."

மறந்துதான் சொன்னாளா, அல்லது இத்தனை வருடம் ஊரே சொல்லிச் சொல்லி அதுதான் அவளுக்கும் உண்மையாகிவிட்டதா, அல்லது இன்னமும் பிள்ளைகளுக்கு ஒன்று வந்துவிடும் என்ற பயத்தில் சொன்னாளா? முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டுக் கேட்டு அவளைக் கரைச்சல்படுத்தவும் மனம் வரவில்லை. அவள் துண்டுகளைக் கையால் ஒதுக்கிவிட்டு, தலையணையில் சாய்ந்தாள்.

"அந்தத் தாமரை நல்ல தாமரை" என்றாள். "ஊரெல்லாம் சொன்னது."

"ஓம் அம்மா" என்றேன். "நல்ல தாமரை."